ஓடுகளுக்கு உள்ளிருந்து

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் தட்டியது என் கை. கேட்டது என் காது.

வானத்தின் விளிம்பிலிருந்து காற்றுக்குள் திரும்பி விழும் சோதனைக் கலம் ஒன்றில் எனக்கு வேலை. விழும் வேகத்தில் அதன் அடிப்பக்கம் நெருப்பாகிவிடும். அதைத் தாங்க வரிசை வரிசையாக ஓடுகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் சிறிய மரச்சுத்தியலால் தட்டிக் கேட்பேன். நன்றாக ஒட்டிய ஓடு 'டிங்' என்னும். பசை விட்ட ஓடு 'பொத்' என்னும். ஒரே ஒரு 'பொத்' போதும். உள்ளே இருப்பவர் சாம்பல்.

அன்று கலம் ஆளில்லாமல் போய், கடலில் விழுந்து, எங்கள் ஷெட்டுக்கு வந்திருந்தது. ஓடுகளைச் சரிபார்த்து அதையே மறுபடி அனுப்புவார்கள். அடுத்த முறை உள்ளே உட்காரப் போவது என் அண்ணன்.

"ஏய் மரங்கொத்தி, தர்பூசணி வாங்குற மாதிரி நாலு தட்டு தட்டிட்டு வந்துடாத," என்றான் காலையில்.

"பழம் பத்திரமா திரும்பி வந்தா சரி."

சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். ஷெட்டில் நான் மட்டும்.

டிங். டிங். டிங்.

அடுத்த தட்டுக்கு... உள்ளிருந்து ஒரு தட்டு.

உலோகம் ஆறும் சத்தம் என்று நினைத்தேன். கலத்தைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. எப்போதோ ஆறிவிட்டது.

ஒரு முறை தட்டினேன். உள்ளே ஒரு முறை.

இரண்டு முறை தட்டினேன். உள்ளே... இரண்டு.

கதவின் சீல் உடையவில்லை. கண்ணாடி வழியாக டார்ச் அடித்தேன். இருக்கை காலி. ஆனால் பெல்ட்டுகள் மாட்டியிருந்தன. இறுக்கமாக... வெறும் காற்றைச் சுற்றி.

தட்! தட்!

ஓரிடத்தில் யாரோ உள்ளிருந்து ஓங்கிக் குத்தினார்கள். அந்த இடத்து ஓட்டைத் தட்டினேன்.

பொத்.

சிவப்பு சாக்பீஸால் அடையாளம் போட்டேன். ஓடினேன்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்ற?" என்றார் ஃபோர்மேன்.

"உள்ள யாரோ இருக்காங்க சார்."

வந்து சீலை உடைத்துப் பார்த்தார். யாருமில்லை. பெல்ட்டுகள் கழன்று தொங்கின.

"உங்க அண்ணன் காதுல இதைப் போட்டுடாத. பயந்துடுவான். வீட்டுக்குப் போ, மீதியைக் காலையில பாக்கலாம்." ஷெட்டைப் பூட்டினார்.

மறுநாள் அவர் பக்கத்தில் நிற்க, மீதி ஓடுகளைத் தட்டினேன். உள்ளிருந்து பதில் வரவில்லை. நான் அடையாளம் போட்ட ஓட்டைப் பெயர்த்தார்கள். அடியில் பசையே இல்லை. புதிய ஓடு ஒட்டினார்கள்.

அண்ணன் போனான். முழுசாகத் திரும்பி வந்தான். நான் அழுதேன். அவன் மட்டும் என் கையிலிருந்த சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்தினான்.

"சிரிக்காத. கீழ இறங்கும்போது ரேடியோ செத்துப்போச்சு. ஜன்னல் முழுக்க நெருப்பு. அப்போ... வெளியிலேர்ந்து யாரோ ஓட்டைத் தட்டினாங்க. ஒவ்வொண்ணா. உன்னை மாதிரியே."

நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"நானும் பதிலுக்குத் தட்டினேன். ஒரு இடத்துல சத்தம் சரியில்ல. ஓங்கிக் குத்தினேன். உடனே நின்னுடுச்சு."

"அவ்வளவுதானா?"

"இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி. இந்தத் தடவை கதவுல. 'அண்ணா, தொற... அண்ணா, தொற'ன்னு. உன் குரல்தான். என் கை கைப்பிடி வரைக்கும் போயிடுச்சு."

நான் கதவைத் தட்டவே இல்லை. கூப்பிடவும் இல்லை. அதை அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஷெட் காவலாளியிடம் கேட்டேன். ஷெட்டைப் பூட்டிய அன்று ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டதா என்று.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னம்மா என்னையே கேக்குற? பூட்டின ஷெட்டுக்குள்ள எப்படிப் போனன்னு நான்தான் உன்னைக் கேக்கணும். விடியற வரைக்கும் அந்தக் கலத்தோட கதவைத் தட்டித் தட்டி அண்ணனைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தியே..."