விசைப்படகில் பிரேக் தேடியவர்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்றுதான் இதை எழுதிப் படிப்பகப் பலகையில் ஒட்டுகிறேன்.

கொள்ளிடத்தில் ஓடும் நம் விசைப்படகுக்கு எஞ்சின் தெரிந்த ஆளைப் போடச் சொன்னேன். படகுச் சங்கத் தலைவர் கேட்கவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய தன் சகலையைப் போட்டார். அன்றோடு அவருக்கும் எனக்கும் பேச்சு நின்றது.

இன்று காலை தலைவர் மகளுக்கு அக்கரையில் கல்யாணம். அந்தப் பெண்ணே நேரில் வந்து அழைத்ததால் நானும் கல்யாணக் கூட்டத்தோடு படகில் இருந்தேன்.

நடு ஆற்றில் எருமை ஒன்று குறுக்கே நீந்தியது. சகலை காலால் பிரேக்கைத் தேடினார். கிடைக்காமல், முழு வேகத்திலேயே கியரை ரிவர்ஸுக்கு இழுத்தார். கடகடவென்று சத்தம். எஞ்சின் நின்றது. எருமை தன் பாட்டுக்கு ஒதுங்கிப் போய்விட்டது.

"முகூர்த்தம் போயிடும்டா!" என்று அலறிய தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார், எஞ்சின் தெரிஞ்சவர் நீங்கதான், கொஞ்சம் பாருங்க."

"உங்க சகலையப் பாக்கச் சொல்லுங்க."

மணப்பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "சண்டைய அக்கரையில வச்சுக்கங்க மாமா. எனக்கு நேரமாவுது."

வேட்டியை மடித்துக் கட்டினேன். கியர் பெட்டியின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். எண்ணெயில் இரும்புத் துகள் இல்லை, கருகிய வாடையும் இல்லை. படகைத் தள்ளும் விசிறியின் தண்டைக் கையால் சுற்றினேன், தடையின்றிச் சுழன்றது. நியூட்ரலில் எஞ்சினைக் கிளப்பி, மெதுவாக முன்னே, பிறகு மெதுவாகப் பின்னே போட்டுப் பார்த்தேன். கியரில் ஒரு பல்கூட உடையவில்லை!

படகு முழுக்கக் குலவை. நாதஸ்வரக்காரர் அங்கேயே வாசிக்க ஆரம்பித்தார். அக்கரை வரை நானே ஓட்டினேன், சிரித்துக்கொண்டே.

இதில் பெயர் போடப்போவதில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியும்தான். ஆனால் இவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டால், நாளை தலைவரோடு எப்படிப் பேசாமல் இருப்பது? நீங்களே சொல்லுங்கள்.