வட்டத்துக்கு வெளியே நின்ற வேம்பு

மரத்தை வெட்டாமலே அதன் எடையைச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. டேப்பும் கயிறுமாக வெயிலில் திரிகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாய் துரத்தும், முள் குத்தும், வீட்டுக்காரர் முறைப்பார். புதுக்கோட்டை டவுன் மரங்கள் எவ்வளவு எடை, அவற்றால் ஊருக்கு என்ன பலன் என்று கணக்கெடுக்க ஒரு மேடம் வந்தார். டேப் பிடிக்க ஆள் கேட்டதும் போய் நின்றேன்.

காரணம் உண்டு. மஸ்கட்டில் இருக்கும் என் மகன் ஒன்பதாவது படிக்கையில் தண்ணீர்த் தொட்டித் தெருவில் ஒரு வேம்பு வைத்தான். அவன் விரும்பிய பெண்ணை நான் வேண்டாம் என்றதிலிருந்து பேச்சில்லை. மரத்தின் எடை தெரிந்தால், அதைச் சொல்லவாவது போன் போடலாமே என்று ஓர் ஆசை.

நெஞ்சு உயரம்

எல்லா மரத்தையும் நெஞ்சு உயரத்தில்தான் சுற்றி அளக்க வேண்டுமாம். முதல் நாள் என் நெஞ்சுக்கு நேரே டேப்பைச் சுற்றினேன். நானோ குட்டை, மரமோ கீழே போகப் போகப் பருமன். மேடம் ஓர் அளவுக்குச்சியைக் கையில் கொடுத்துவிட்டார். நோட்டு எழுதும் ரவி விடுவானா?

"பெரிப்பா நெஞ்சை நம்புனா ஊர்ல எல்லா மரமும் குண்டுதான்!"

டீக்கடைப் புங்கை

டேப்பைக் கண்டதும் டீக்கடைக்காரர் பாய்லரை விட்டு ஓடி வந்து, மரத்துக்கும் எனக்கும் நடுவே நின்றார். வெட்ட வரவில்லை என்று சத்தியம் பண்ணினேன். டீ கொடுத்தார், நகரத்தான் இல்லை.

"போன தடவயும் இப்புடித்தான் சிரிச்சுக்கிட்டே டேப்போட வந்தாங்க. மறுவாரம் அங்கிட்டு நின்ன வாகையக் காணோம்."

முளை நகர்ந்த கதை

ஊர் முழுக்க அளக்க மாட்டோம். கம்ப்யூட்டர் காட்டும் இடத்தில் முளை அடித்து, கயிறு பிடித்து வட்டம் போட்டு, உள்ளே நிற்பதை மட்டும் அளப்போம். "இன்னைக்கு எந்தத் தெருங்க மேடம்?" என்று தினமும் காலையில் கேட்பேன். கடைசியில் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டித் தெரு வந்தது. இழுத்துப் பார்த்தால், வேம்புக்கு இரண்டு எட்டு முன்னாலேயே கயிறு தீர்ந்துவிட்டது.

மேடம் எதிர்ப்பக்கம் போன நேரம், முளையைப் பிடுங்கி இரண்டு எட்டு தள்ளி அடித்தேன். திரும்பி வந்தவர் செல்போன் காட்டும் இடத்தைப் பார்த்தார், முளையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்குப் பொய் வரவில்லை. மகன் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் முளையைப் பழைய குழியிலேயே இறக்கினார்.

"இது நோட்டுல ஏறாதுங்கய்யா. ஒங்களுக்காக அளப்போம், வாங்க."

மூன்றாவது தடவை

மேடம் கணக்குப் போட்டு எடையைச் சொன்னதும், சாயங்காலம் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தான். "தம்பி, ஒன் வேம்பு முந்நூறு கிலோவுக்கு மேல இருக்குமாம்" என்றேன். வைத்துவிடுவானோ என்ற பயத்தில் சுற்றளவு, உயரம், நிழல் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"மரத்த விடுங்கப்பா. நீங்க எளைச்சுப் போயிட்டீங்கன்னு அத்தை சொன்னுச்சு, வேளைக்குச் சாப்புடுறீங்களா?"

மரத்தால் வரும் பலனை எழுத மேடம் வைத்திருக்கும் தாளில் நிழலுக்கும் காற்றுக்கும் குளுமைக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது; மகன் போனை எடுத்ததற்குத்தான் கட்டம் இல்லை.