காலி வண்டிக்கும் கூலி

வலது கையில் விமானத்தின் கைப்பிடி, இடது கையில் தொலைபேசி. "தார்ப்பாய் கட்டிட்டீங்களா? கட்டாம வண்டிய எடுக்காதீங்க" என்று லாரி டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே, திரையில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு குட்டி விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தார் ரேட்டக்கா. விமானம் குதித்து, உதறி, ஒருவழியாக நின்றது. "உழுதுபோட்ட வயல்ல எறங்கின மாதிரி இருக்கு. இதுக்கா இந்தக் கூலி?" என்று முணுமுணுத்துவிட்டு, அந்த ஊருக்குப் போகும் சரக்குக்கான கூலியை ஏற்றிவிட்டார்.

லாரி புக்கிங் ஆபீஸில் காலை வண்டிகள் கிளம்பிவிட்டால் மாலைவரை ஈ ஓட்ட வேண்டியதுதான். லாரிகள் தம்பியுடையவை. எந்தச் சரக்குக்கு என்ன வாடகை, எந்த டிரைவருக்கு என்ன பேட்டா என்று சொல்வது அக்கா; ரேட்டக்கா என்ற பேர் அதனால் வந்ததுதான். அந்த வெறும்பொழுதில்தான் இந்த இணைய விளையாட்டு. அதில் சரக்கு கொண்டுபோய்ச் சேர்த்தால் விளையாட்டுப் பணம் கிடைக்கும். சேர்த்துவைத்து விமானம் வாங்கலாம், ஓட்டுவதற்கு மற்ற ஆட்டக்காரர்களை வேலைக்கும் வைக்கலாம். எந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்று முடிவுசெய்யும் பொறுப்பை விளையாட்டை நடத்துகிற பையன் இவரிடம் கொடுத்திருந்தான். சம்பளமில்லாத உத்தியோகம். அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஒரு கூலியில் கை வைக்கும்முன் அந்த வழியில் தானே பறந்து பார்த்துவிடுவார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறினால் விமானம் இறங்கப்போகிறது என்று அர்த்தம். பில் கேட்டு வந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். காற்று பலமாக அடித்தால் நாற்காலியோடு சேர்ந்து சாய்வார். விமானம் நொறுங்கிய நாளில் யாரிடமும் மூச்சு விடமாட்டார். ஆனால் அந்த வழிக்குக் கூலி அன்றைக்குத் தாராளமாகவே உயரும்.

போன மாதம் ஒரு காரியம் செய்தார். தீவுகளுக்கு மருந்து கொண்டுபோகிற புதியவர்கள் திரும்பும்போது காலியாக வருகிறார்கள். போகையில் கிடைத்த கூலியை வருகையில் அவர்களே போடுகிற எரிபொருள் தின்றுவிடுகிறது. காலியாகத் திரும்பினாலும் பாதிக் கூலி உண்டு, வேலைக்கு வைத்தவர்தான் கொடுக்க வேண்டும் என்று போட்டுவிட்டார். முப்பது விமானம் வைத்திருக்கும் ஒருவர் கொதித்துப்போனார். அவரைப் பார்த்து மற்ற முதலாளிகளும் கொதித்தார்கள். விளையாட்டை நடத்துகிற பையன் அக்காவை அழைத்துப் பேசினான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பெரிய ஆளுங்க எல்லாம் வெளிய போயிடுவோம்ங்கறாங்க. அத மட்டும் எடுத்துடுங்க."

"திரும்பி வர்றவனும் ஓட்டிக்கிட்டுத்தானே வர்றான்? தூங்கிக்கிட்டா வர்றான்?"

"வெறும் விளையாட்டுதானக்கா இது."

"விளையாட்டுன்னா அந்த முப்பது விமானக்காரரு எதுக்கு அழறாரு?"

"எடுக்கலன்னா உங்க பொறுப்ப வேற ஆளுக்குக் குடுக்கற மாதிரி ஆயிடும்."

"குடுத்துக்கோப்பா. என் கையால அத அழிக்கமாட்டேன்."

நேற்று மதியம் விளையாட்டைத் திறந்தால், கூலியை மாற்றும் பக்கம் அக்காவுக்குத் திறக்கவில்லை. திரும்புகூலியையும் காணோம். மருந்து ஏற்றிக்கொண்டு அப்போதுதான் தீவுக்குக் கிளம்பியிருந்த யாரோ ஒருவனின் விமானம் திரையில் சின்னப் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீசல் கணக்குப் பார்க்க வந்திருந்த தம்பி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "விளையாட்டுலகூட உன்ன வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா? காலியா வர்றதுக்கு எவன்க்கா கூலி குடுப்பான்? நாம குடுக்கறமா?"

கொடுப்பதில்லை. லோடு கிடைக்காமல் திரும்புகிற டிரைவருக்கு இந்த ஆபீஸில் என்றைக்குமே பேட்டா கிடையாது. அக்கா எழுந்துபோய், டிரைவர்களின் பேட்டாவை எழுதிவைக்கும் வெள்ளைப் பலகையில் மிச்சமிருந்த இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: காலியாகத் திரும்பும் வண்டிக்குப் பாதி பேட்டா. இன்று முதல்.

தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, கட்டுப்படியாகாது. வெளையாடாத."

"வெளையாடல. காலி வண்டிய ஒருதடவ ராத்திரி முழுக்க ஓட்டிக்கிட்டு வந்துட்டு அப்புறம் பேசு."

தம்பி பலகை துடைக்கும் துணியைத் தேடினார். அதற்குள் அக்கா அதை எடுத்து, நாலாக மடித்து, தன் நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.