புதன்கிழமை பன்னிரண்டு மணிச் சைரன்

ராமானுஜம் இருபத்தெட்டு வருஷம் கல்பாக்கத்தில் சைரனோடு வாழ்ந்தவர். அதை ஊதுவதற்கு ஆள் வேறு. ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தருவதுதான் அணுமின் நிலையப் பாதுகாப்பு அதிகாரியான இவர் வேலை. ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து. உள்ளே போய்க் கதவு ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியால் இடுக்கை அடைக்க வேண்டும். அப்புறம் ஒரே சுருதியில் நீளமாக ஊதும். அது ஊதாமல் யாரும் வெளியே வரக்கூடாது.

கேட்டவர்கள் குறைவு. ஒத்திகை நாளில் சதுரங்கப்பட்டினத்து மீனவர் லட்சுமணன் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "இன்னா சார், மாசாமாசம் இதே பேஜாரா கீது. நான் உள்ள பூந்துகினா காக்கா தூக்கிகினு பூடும், நீயா காவல் காப்ப?" என்றார். ராமானுஜம் கோபப்படவில்லை. அறிக்கையில் 'மக்கள் ஒத்துழைப்பு: பகுதியளவு' என்று எழுதினார்.

முழு ஒத்துழைப்பு கொடுத்த ஒரே ஜீவன் அவர் மனைவி சௌந்தரவல்லி. சைரன் ஊதினால் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே, அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே. மகன் அஸ்வத்துக்குக் காது குத்திய அன்றும் அப்படித்தான். 2004 டிசம்பரில் கடல் குடியிருப்புக்குள் வந்த அன்று சைரன்கூட இல்லை. அவர் வேலையில் இருந்தார், அவள் மாடிப்படியில் தனியாக நின்றாள். சாயங்காலம் வீடு திரும்பியவரிடம், "காப்பிப்பொடி நனைஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. 1992இல் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் காலண்டர் கொடுத்தார். அதில் ஜூலை மாதத்துக்கு, பச்சை ஆற்றின்மேல் மூன்று அடுக்கு வளைவுகளோடு ஒரு கல் பாலம். ரோமானியர்கள் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. ஜூலை போய்ப் பதினைந்து வருஷமாகியும் அந்தத் தாள் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. 2007இல் பிரான்சில், மார்செய்யில் வேலையிலிருந்த அஸ்வத் ஓய்வுபெற்ற அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்து, எங்கே போகணும் என்று கேட்டபோது, "அந்தப் பாலம்" என்றாள்.

அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை இருவரையும் பாலத்துக்குப் பக்கத்து ஊரான அவிஞ்ஞோனில் ஒரு சின்ன ஓட்டலில் விட்டுப் போனான். அங்கே ஒரு காலத்தில் போப்பாண்டவர்கள் குடியிருந்த அரண்மனை உண்டு. ராமானுஜம் அதில் வெளியேறும் வழிகளை எண்ணினார். ஆற்றின் நடுவிலேயே முடிந்துபோகும் பழைய பாலத்தில் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், உறுதியாக இருந்தது. மூன்றடுக்குப் பாலத்துக்குப் புதன்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு பஸ். சாயங்காலம் ஐந்து மணிக்கு அஸ்வத் ஓட்டலுக்கு வந்து அழைத்துப் போவான். மறுநாள் விடியற்காலை ஊருக்கு விமானம்.

புதன்கிழமை சௌந்தரவல்லி பச்சைச் சேலை கட்டி, அஸ்வத் வீட்டில் கிளறி எடுத்துவந்த புளியோதரையைப் பையில் வைத்தாள். பாலத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. மணி பன்னிரண்டு அடித்தது, சைரன் ஊதியது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

ராமானுஜம் ஜன்னலைச் சாத்தினார். குளியலறைத் துண்டுகளை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தார். "ஏன்னா, பஸ்ஸு..." என்றாள் அவள். "உள்ளேயே இரு" என்றார்.

கண்ணாடி வழியே பார்த்தார். கீழே ஒருவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. ஒருத்தி நாயோடு நிதானமாக நடந்து போனாள். "சதுரங்கப்பட்டினமேதான்" என்றார். வரவேற்பறைக்குப் போன் செய்தார். அங்கிருந்த பெண் பிரெஞ்சில் கலகலப்பாக ஏதோ சொன்னாள். மக்களைப் பதற விடக்கூடாதென்று நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டார்.

சைரன் இரண்டு நிமிஷத்துக்குள் நின்றுவிட்டது. நீளச் சைரன் வரவில்லை. பன்னிரண்டே முக்கால் ஆயிற்று, ஒன்றரையும் ஆயிற்று. ராமானுஜம் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை கதவுவரை போனார். இந்த ஊரில் போய் நிற்க அவருக்கு ஓர் இடமும் இல்லை. திரும்பி வந்து கட்டிலில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பொட்டலத்தைப் பிரித்தாள், சாப்பிட்டார்கள்.

மூன்று மணிக்கு அஸ்வத் போன் செய்தான். "பாலம் எப்படிப்பா இருக்கு?"

விஷயத்தைச் சொன்னார்.

"அப்பா, அது டெஸ்ட்ப்பா. மாசத்துல முதல் புதன்கிழமை நாடு பூரா அடிப்பாங்க."

"முடிஞ்சதுன்னு நீளமா அடிக்கணுமேடா?"

"டெஸ்டுக்கு அதெல்லாம் கிடையாதுப்பா."

இனி பஸ் பிடித்துப் போய்த் திரும்ப நேரமில்லை. ராமானுஜத்துக்கு அவமானமாக இருந்தது. முப்பது வருஷத்தில் மனைவியிடம் சொல்லியே பழகாத ஒன்றைச் சொன்னார். "தப்பு என்னோடதுதான். பதினஞ்சு வருஷமா நீ பார்த்து வச்ச பாலத்தை நான்தான் கெடுத்தேன்."

சௌந்தரவல்லி காலிப் பொட்டலத்தை மடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷத்துல சைரன் ஊதி நீங்க என்னோட உள்ள இருந்தது இன்னிக்குத்தான்" என்றாள்.

அவர் எழுந்துபோய் ஜன்னலில் கை வைத்தார்.

"திறக்காதீங்கோ" என்றாள் அவள். "அஸ்வத் அஞ்சு மணிக்குத்தானே வரான்."