தராசில் ஏறாத பிள்ளை

அது ஐப்பசியாகத்தான் இருக்க வேண்டும். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் மதியச் சாப்பாட்டை வகுப்பறைக்குள்ளேயே போட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பு. பள்ளி மதிலை ஒட்டியே எங்கள் கடற்கரை ஊரின் அங்கன்வாடி. அங்கே அம்மாதான் டீச்சர். சாப்பிட்டதும் நான் அங்கே ஓடிவிடுவேன்.

அந்த வருடம் மூன்று வயதுப் பையன் ஒருவன் அங்கே சேர்ந்திருந்தான். அவனுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவன் அம்மா விடியுமுன் மீன் எடுத்துக்கொண்டு கடலோரம் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களுக்கு விற்கப் போவார். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அவனைப் பார்த்துக்கொண்டது என் வகுப்பில் படித்த அவன் அக்கா. அதனால் அவள் பள்ளிக்கு வராத நாட்களே அதிகம். பையனோ மெலிந்துகொண்டே வந்தான். நாகர்கோவிலில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் அவனை விட்டுவிடலாம் என்று அவன் பெரியப்பா வற்புறுத்திக்கொண்டிருந்தார். அனுப்பாமலிருக்க வழி உண்டா என்று பேசத்தான் அன்று மதியம் கிராம நர்ஸும் எங்கள் தலைமையாசிரியையும் அம்மாவிடம் வந்திருந்தார்கள். முதலில் எடை பார்ப்போம் என்றார் நர்ஸ்.

உத்தரத்தில் தொங்கிய தராசைக் கண்டதும் பையன் அலறினான். ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

“ஊசி இல்ல மக்கா, ஊஞ்சலாக்கும்” என்றார் நர்ஸ். அம்மா அவித்த முட்டையைக் காட்டினார். இரண்டும் பலிக்கவில்லை. தலைமையாசிரியை என்னை அனுப்பி, அன்று வகுப்புக்கு வந்திருந்த அவன் அக்காவைக் கூட்டிவரச் செய்தார். அவள் காதில் அவன் ஏதோ சொன்னான்.

“வித்துருவீங்களான்னு கேக்கான் டீச்சர்.”

“விக்கதா?” என்றார் அம்மா.

“கரையில மீனக் கொக்கியில தூக்கி, நிறுத்துட்டுத்தான ஏலம் போடுவாவ. பெரியப்பா வேற, இவனக் கொண்டு விட்டுரலாம், விட்டுரலாம்னு சொல்லுதாரு.”

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “லேய், ஒன்ன எவன்லே வாங்குவான்? ஒரே முள்ளாக்கும்!”

வேறு யாரும் சிரிக்கவில்லை.

“ஏட்டி, நீ ஏறு” என்றார் அம்மா.

ஒல்லியாக இருந்ததால் தராசில் தொங்கிய துணித்தொட்டிலில் என்னாலும் உட்கார முடிந்தது. நர்ஸ் என் எடையை உரக்கச் சொன்னார். பையன் தராசைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். விலை கேட்டு யாரும் வரவில்லை. அம்மா என்னை இறக்கி, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டார்; எனக்கு வெட்கமாகிவிட்டது. அதன் பிறகு அவன் ஏறினான். கையை விட்டால்தான் எடை சரியாகத் தெரியும் என்று நர்ஸ் சொன்னதால், அக்காவின் விரலை ஒரு நொடி மட்டும் விட்டான்.

எடை மிகவும் குறைவு. நர்ஸ் வாரம்தோறும் வந்து பார்ப்பது, விடியற்காலையில் அவன் அம்மா அவனை எங்கள் வீட்டில் விட்டுப்போவது, பள்ளி விட்டபின் அவர் வரும்வரை இரு பிள்ளைகளும் தலைமையாசிரியையுடன் இருப்பது என்று மூவரும் பேசி முடிவு செய்தார்கள்.

“இவன் அம்ம ஒத்துக்கிடணுமே” என்றார் தலைமையாசிரியை.

ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் அம்மாவோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மீன் கொண்டுபோன காலிச் சருவத்தைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவன் அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

“ஊராரு தயவுல என் பிள்ள வளராண்டாம் டீச்சர். பெரியப்பன் சொன்ன எடத்துக்கே போவட்டும்.”

அம்மா வாதாடவில்லை. தராசின் முன்னால் பையன் கேட்டதை மட்டும் அப்படியே சொன்னார்.

அவர் சருவத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “காலையில எப்பம் கதவத் திறப்பீங்க?” என்று கேட்டார். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

மகனுக்குத் தராசு என்றால் என்னவென்றுகூடத் தெரியவில்லையே என்ற அவமானத்தில்தான் அவர் அழுகிறார் என்று நினைத்தேன். “அழாதீங்க மாமி. நம்மள யாரும் விக்கமாட்டாவன்னு அவனுக்கு இப்பம் தெரியும்” என்று தைரியம் சொன்னேன்.

அவர் அழுகை கூடிவிட்டது. நான் எதைத் தப்பாகச் சொன்னேன் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.