பீலிக்கரைக்கு நான் காட்டிய வழி

இலங்கை மலைநாட்டில் எல்ல என்னும் ஊரின் அந்தத் தெருவை நினைத்தால் இன்றும் ஆத்திரம் மூளுகிறது. அதில் பாதி என்மேலேயே.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பியான மாமா, வெளிநாட்டாரை நடத்திச் சென்று ஊர் காட்டுபவர். விடுமுறையில் ஒருநாள் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

“வாய மூடிக்கிட்டு வந்தா ஐஸ்கிரீம். தொறந்தா வீட்டுக்கு அனுப்பிருவேன், வாயாடி!”

கிட்டார் இசையும் கோப்பி மணமுமாய்க் கிடந்த தெருவில் வண்ணம் பூசாத சுவரே இல்லை. ஒரு கடைச் சுவரில் தேயிலைக் கொழுந்துக்கூடை சுமந்த பெண்ணொருத்தி ஆளுயரத்துக்குச் சிரித்தாள். கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு இருப்பதுபோல் அவள் காலில் சேறில்லை. அட்டை கடித்த இரத்தமில்லை. மாமா கூட்டிவந்த வெளிநாட்டார் ஆறுபேரும் அவளருகே நின்று படமெடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் அவர்களில் ஒருவர் மலைச்சரிவின் தகரக் கூரைகளைக் காட்டி, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பழைய ஸ்டோர், ஆளில்லை என்றார் மாமா, கண் இமைக்காமல்.

அது எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்!

பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்த ஆங்கிலமெல்லாம் தொண்டையில் திரண்டது. அது பொய், நாங்கள் வாழ்வது அங்கேதான், மழை பெய்தால் வீட்டுக்குள் ஒழுகும் என்று நடுத்தெருவில் முழங்கினேன். ஆறுபேரும் கைதட்டினார்கள். உண்மையான இடத்தை உடனே பார்க்கவேண்டும் என்றார்கள். வழி வழுக்கும், நாளைக்குப் போகலாம் என்று மாமா கெஞ்சிப் பார்த்தார். நான் முன்னால் நடந்துவிட்டேன்.

வேலை விட்டதும் பீலிக்கரை பெண்களுடையது. மலைநீர் கொட்டும் அந்த இடத்தில்தான் எல்லோரும் குளிப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஆண்கள் சுற்றுப்பாதையால் போவார்கள், தலையைக்கூடத் திருப்பமாட்டார்கள். நானோ குறுக்குவழியென்று அந்த ஆறுபேரையும் நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

“அய்யய்யோ, ஆளுங்கடி!”

நெஞ்சுக்குமேல் பாவாடை கட்டியிருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். அம்மா மட்டும், முகமெல்லாம் சோப்பு நுரையாக, கண் திறக்கமுடியாமல் தடுமாறினார். “யாருடி? யாரு வர்றது?”

கைதட்டிய அதே கைகளில் கைபேசிகள் உயர்ந்தன. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாகரிகம்கூட அவர்களுக்கு இல்லை.

மாமா பாய்ந்து சென்று, அம்மாவுக்கு முதுகைக் காட்டி, இரு கைகளையும் விரித்து நின்றார். “போங்க! எல்லாரும் போங்க!” என்று தமிழிலேயே கத்தினார்.

குரலை அடையாளம் கண்டுகொண்ட அம்மா அலறினார்: “நீயாடா கூட்டிட்டு வந்த? அக்கா குளிக்கிறதையாடா காட்டுற? இனி என் வாசப்படி மிதிக்காத!”

மாமா என் பக்கம் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். வாதத்தில் தோற்றவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.