கவுதாரிக்கு விட்ட மூலை

எண்பதுகளில் திருச்சுழிப் பக்கத்து உடைமரக் காட்டைத் துண்டு துண்டாக்கி, நிலமில்லாதவர்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். அவர்கள் உழுகிறார்களா என்று பார்த்து எழுதுவது என் வேலை.

பட்டா வாங்கியவர்களில் ஒரு அம்மா, ஒல்லியாக, உயரமாக இருப்பார். நிலத்தின் வடமூலையில் ஒரு புதரை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார். அதை நெருங்கும்போதெல்லாம், வருகிறேன் என்று சொல்வதுபோல இரண்டு முறை கை தட்டுவார். கவுதாரிகள் குடுகுடுவென்று ஓடும்.

“ஏம்மா, இதை மட்டும் விட்டீங்க?”

“குஞ்சு பொரிச்சிருக்கு சார். எனக்கே இப்பத்தான் ஒரு எடம் கெடச்சிருக்கு. அதுகள எங்கிட்டுப் போகச் சொல்ல?”

“தரிசா கிடந்தா பட்டா ரத்தாகும்” என்றேன். விதி அதுதான். ஆனால் நாலு கட்டில் போடும் இடம்கூட இல்லை அது, பார்க்காததுபோல வந்திருக்கலாம்.

மறுவருடம் போனேன். பஸ் ரோடு வரை எந்தத் துண்டிலும் ஒரு புதர் இல்லை. அவர் நிலம் முழுக்கக் கம்பு.

“ஒரு முள்ளு இல்ல சார், பாத்துக்கங்க” என்று முன்னால் நடந்தார். வடமூலை வந்ததும் இரண்டு முறை கை தட்டினார். எதுவும் ஓடவில்லை. தட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“எழுதிக்கங்க சார்.”

‘முழுவதும் சாகுபடி’ என்று எழுதினேன்.